மணப்பெண்ணின் நாற்பது பக்க நோட்டு

உங்கள் இல்லத்தில் அடுத்த சில மாதங்களில் ஒரு திருமணம் நடைபெறவிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்டபம் எது, சமையலுக்கு யார், பிரியாணியோடு இன்னும் என்னென்ன வகை, அழைப்பிதழில் யார் யார் பெயர், மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர எத்தனை வாகனம் என்பதையெல்லாம் பேசி முடிக்க எத்தனை முறை கூடுவீர்கள்? அந்தக் கூட்டங்களில் ஒன்றிலேனும் மணப்பெண் அமர்ந்திருப்பாளா? "மகளே, உன் விருப்பம் என்ன?" என்று எவரேனும் அவளைக் கேட்பார்களா? சேலையின் நிறத்தைக் கேட்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அதற்கு மேல் கேட்பதில்லை.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இமாமத் பணி செய்து வருகிறேன். எத்தனையோ நிக்காஹ்களுக்குக் குத்பா ஓதியிருக்கிறேன். ஆனால் தன் திருமணத்தைத் தானே திட்டமிட்டு, அதை எழுதி எடுத்துக்கொண்டு, மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்க வந்த மணப்பெண்ணைச் சென்ற ஆண்டுதான் முதன்முதலாகக் கண்டேன். அவளிடம் நான் கற்றதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய தந்தை அவளை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவர். இரண்டு பெண் மக்கள். மூத்தவளான இவள் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. மாப்பிள்ளைக்கு வளைகுடா நாட்டில் வேலை. திருமணத்திற்காக அவருக்குக் கிடைத்த விடுப்பு முப்பது நாள்.

"ஹஜ்ரத், இவள் ஏதோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்" என்றார் தந்தை. குரலில் பாதி பெருமிதம், பாதி கலக்கம்.

அவள் கையில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. உள்ளே நான்கே தலைப்புகள்: சம்மதம், மஹர், விருந்து, ஏழு நாள்.

சம்மதம்

"ஹஜ்ரத், நிக்காஹ் அன்று சாட்சிகளோடு என்னிடம் சம்மதம் கேட்க வருவீர்கள் அல்லவா? நான் பதில் சொல்லும்வரை காத்திருப்பீர்களா?"

இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. கேட்டவுடன் எனக்குச் சுருக்கென்றது. அதற்கொரு காரணம் உண்டு. அதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ். மணப்பெண் இருந்த அறை முழுவதும் பெண்கள் கூட்டம், பேச்சுச் சத்தம். நான் வாயிலில் நின்று, மாப்பிள்ளையின் பெயரையும் மஹரையும் கூறிச் சம்மதம் கேட்டேன். உள்ளிருந்து ஒரு குரல், "சம்மதம்தான், எழுதிக்கொள்ளுங்கள்" என்றது. தப்தரை உள்ளே கொடுத்தேன். கையொப்பத்தோடு திரும்பி வந்தது. வெளியே ஜமாஅத்தார் காத்திருந்தார்கள். லுஹர் தொழுகைக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மேலும் கேட்கவில்லை. அந்த மணவாழ்க்கை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. பிரிவினைக்கான பேச்சு ஜமாஅத்திற்கு வந்தபோது, திரைக்குப் பின்னிருந்து அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தை இன்றும் என் செவியில் இருக்கிறது: "அன்று பேசியது என் பெரியம்மா. என்னை யாரும் கேட்கவில்லை."

பெற்றோர் செய்த தவறு இருக்கட்டும். காத்திருந்து கேட்காதது என் தவறு. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

பெண்ணின் சம்மதம் என்பது நிக்காஹ் சடங்கின் இடையில் வரும் ஒரு வரி அன்று. அதன் அடிப்படையே அதுதான். மதீனாவில் கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்னும் பெண்மணியை அவருடைய தந்தை அவர் விரும்பாத ஒருவருக்கு மணமுடித்து வைத்துவிட்டார். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றிருக்கிறது.

நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் காணப்படும் இன்னொரு நிகழ்ச்சி இதனினும் சிந்தனைக்குரியது. ஓர் இளம்பெண் வந்து, தன்னைத் தந்தை தம் சகோதரர் மகனுக்கு மணமுடித்து வைத்து அதன்மூலம் தம் நிலையை உயர்த்திக்கொள்ளப் பார்க்கிறார் என்று முறையிட்டாள். நபியவர்கள் (ஸல்) முடிவை அவள் கையிலேயே ஒப்படைத்தார்கள். அப்போது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? தந்தை செய்ததைத் தான் ஏற்றுக்கொண்டுவிட்டதாகவும், ஆனால் இந்த விஷயத்தில் தந்தையருக்குத் தனி அதிகாரம் இல்லை என்பதைப் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே வந்ததாகவும் கூறினாள். அவள் தந்தையை எதிர்க்க வரவில்லை. தனக்குப் பின்னால் வரும் பெண்களுக்காக வழக்குரைக்க வந்தாள்.

கன்னிப்பெண் நாணத்தால் மௌனமாயிருந்தால் அந்த மௌனமே சம்மதம் என்று மார்க்கம் சலுகை அளித்திருப்பது உண்மை. ஆனால் கேட்கப்பட்ட பிறகு வரும் மௌனத்திற்குத்தான் அந்தச் சலுகை. கேட்கப்படாதவளின் மௌனத்திற்கு அந்தப் பொருள் இல்லை. அவள் வாய்விட்டு அழுதால் அதைச் சம்மதமாகக் கொள்ளலாகாது என்று நம் ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. பருவமெய்திய பெண்ணை அவள் சம்மதமின்றி மணமுடித்து வைக்கும் அதிகாரம் தந்தைக்கும் கிடையாது என்பது இம்மத்ஹபின் தெளிவான சட்டம்.

"காத்திருப்பேன் அம்மா" என்றேன். அவள் அந்த வரிக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டுக்கொண்டாள். அடுத்த வரியில், திருமணத்தை அரசுப் பதிவாளரிடமும் பதிய வேண்டும் என்று குறித்திருந்தாள். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தாரும் 90 நாள்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஜமாஅத் தப்தரில் எழுதிவிட்டோமே, அது போதாதா என்று இருந்துவிடுகிறவர்கள் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். நாளை கணவனோடு வெளிநாடு செல்லவோ, உரிமை ஒன்றை நிலைநாட்டவோ நேரும்போது அந்தப் பதிவின் அருமை தெரியும்.

மஹர்

இரண்டாம் பக்கத்தில் இரண்டே வரிகள். ஒன்று: "மஹர், ஒரு பவுன். நிக்காஹ் அன்றே." மற்றொன்று: "வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும்."

தந்தை தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டு எதையும் கேட்கவில்லை. "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதை நாங்கள் என்ன சொல்வது?" என்று மட்டும் கூறியிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் இருபத்தைந்து பவுன் நகையும் ஒரு மோட்டார் வாகனமும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதற்காக வீட்டை அடகு வைக்க அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். இளைய மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

வாசகர்களே, எங்கள் பள்ளிவாசல் தப்தரைப் புரட்டினால் மஹர் என்ற இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் "ரூபாய் 1001" என்று இருக்கும். எழுதியவன் நான்தான். ஹனஃபி மத்ஹபில் மஹரின் மிகக் குறைந்த அளவு பத்து திர்ஹம். ஏறத்தாழ 30 கிராம் வெள்ளி. இன்றைய வெள்ளி விலையில் அந்த 1001 ரூபாய், மார்க்கம் வகுத்த மிகக் குறைந்த அளவைக்கூட எட்டாது. அதற்குக் குறைவாகப் பேசி முடித்திருந்தாலும் பத்து திர்ஹம் கொடுத்தே தீர வேண்டும் என்பது சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தபட்ச அளவு இல்லை. ஆயினும் மணமகன் மனமுவந்து கொடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மனைவியருக்கு அவர்களுடைய மஹரை மனமகிழ்வோடு கொடுத்துவிடுமாறு திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயத்தின் நான்காம் வசனம் ஆணையிடுகிறது. அது அவளுடைய சொத்து. தந்தைக்கோ கணவனுக்கோ உரியதன்று. கொடுக்காமல் கணவன் இறந்துவிட்டால், அவன் சொத்தைப் பங்கிடுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கடன் அது.

இங்கே தலைகீழாக ஆகிவிட்டதைப் பாருங்கள். ஆண் கொடுக்க வேண்டியது ஆயிரத்தொரு ரூபாயில் அடங்கிவிட்டது. பெண் வீட்டார் கொடுக்கத் தேவையே இல்லாதது பல லட்சங்களாகிவிட்டது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், வரதட்சணை கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கிவிட்டு, முஸ்லிம்களின் மஹரை அதிலிருந்து விலக்கியிருக்கிறது. நாட்டுச் சட்டத்திற்குத் தெரிந்த வேறுபாடு நம் வீட்டுக் கூடத்தில் தெரியாமல் போய்விட்டது.

மஹர் என்றால் மாப்பிள்ளையை வருத்தும் பெருந்தொகை என்றும் கருத வேண்டாம். அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களின் மஹராக ஹள்ரத் அலீ (ரலி) அவர்கள் கொடுத்தது தம் போர்க்கவசம். ஏதுமற்ற ஓர் ஏழைத் தோழரிடம், இரும்பு மோதிரம் ஒன்றாவது கிடைக்குமா என்று தேடிப் பார்க்கச் சொல்லி, அதுவும் இல்லாதபோது அவருக்குத் தெரிந்த குர்ஆன் அத்தியாயங்களின் பொருட்டு நாயகம் (ஸல்) அவர்கள் மணமுடித்து வைத்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் கொடுத்தது ஒரு பேரீச்சங்கொட்டை எடையுள்ள தங்கம். ஒவ்வொருவரும் தம் கையிலிருந்து, தம்மால் இயன்றதைக் கொடுத்தார்கள். மாமனாரின் வீட்டுப் பத்திரத்தின் மேல் எவரும் மணமேடை போடவில்லை.

"ஒரு பவுன் என்று எப்படி முடிவு செய்தாய் அம்மா?" என்று கேட்டேன்.

"அவருடைய சம்பளத்தையும் அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதையும் விசாரித்தேன் ஹஜ்ரத். கடன் வாங்காமல் இவ்வளவு கொடுக்க முடியும்" என்றாள். கணித ஆசிரியை அல்லவா!

விருந்து

மூன்றாம் பக்கம். நிக்காஹ் பள்ளிவாசலில் அஸருக்குப் பின். வந்தவர்களுக்குப் பேரீச்சம்பழமும் தேநீரும். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வலீமா விருந்து. பெண் வீட்டில் தனியாக விருந்து இல்லை.

இந்தப் பக்கத்தைப் படித்ததும் தந்தை, "ஊர் என்ன சொல்லும் ஹஜ்ரத்?" என்றார். நான் ஊரைப் பற்றிப் பேசவில்லை. மதீனாவைப் பற்றிப் பேசினேன்.

திருமண விருந்து என்று மார்க்கம் அறிந்தது வலீமா ஒன்றைத்தான். அது மணமகன் அளிக்க வேண்டியது. அலீ (ரலி) அவர்கள் தம் வலீமாச் செலவுக்கு என்ன வழி செய்தார்கள் என்பதை அவர்களே சொல்லியிருப்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. பொற்கொல்லர் ஒருவரைத் துணை சேர்த்துக்கொண்டு, இத்கிர் என்னும் மணமுள்ள புல்லை அறுத்துக் கொண்டுவந்து, பொற்கொல்லர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் விருந்தளிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். புல் விற்றுத் தம் விருந்தைத் தாமே சம்பாதிக்க முனைந்த மாப்பிள்ளை அவர்! நாயகத்தின் மகளை மணக்கவிருந்தவர்!

கைபரிலிருந்து திரும்பும் வழியில், ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628-இல், நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) மணப்பெண்ணை அலங்கரித்தார்கள். தோல் விரிப்பு விரிக்கப்பட்டது. படையில் இருந்தவர்கள் தத்தம்மிடம் இருந்ததைக் கொண்டுவந்தார்கள்: பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய். ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. அதுவே வலீமா.

எளிமை என்றால் மகிழ்ச்சியற்ற திருமணம் என்று பொருள் இல்லை. அன்ஸாரித் தோழர் ஒருவருக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு மணப்பெண்ணை அனுப்பிவைத்தபோது, அன்ஸாரிகள் பாட்டை விரும்புகிறவர்களாயிற்றே, அதற்கு ஏற்பாடு இல்லையா என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். மகிழ்ச்சி வேண்டும், பலர் அறியவும் வேண்டும். வேண்டாதது கடன். செல்வர்களை அழைத்து ஏழைகளை ஒதுக்கும் வலீமா உணவே உணவுகளில் கெட்டது என்றும் எச்சரிக்கப்பட்டிருக்கிறோம். அவளுடைய நோட்டில் அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் இருந்தது. அதன் முதல் பெயர், அவள் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மையாருடையது.

ஏழு நாள்

நான்காம் பக்கத்திற்கு வந்தபோது அவள் தயங்கினாள். தந்தையை ஒருமுறை பார்த்தாள். அவர் எழுந்து திண்ணைக்குச் சென்றார். பின்பு என் மனைவியையும் அருகில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

நிக்காஹுக்குப் பிறகு உறவினர் வீடுகளில் விருந்து. மறுவீடு, மாமன் வீடு, சாச்சா வீடு என்று முதல் ஏழு நாளில் பதினோரு விருந்து எழுதப்பட்டிருந்தது. மாப்பிள்ளையின் விடுப்பு முப்பது நாள். அதில் பாதிக்கு மேல் திருமண ஏற்பாட்டிலேயே கழிந்துவிடும். விடுப்பு முடிந்து விமானம் ஏறினால் திரும்பி வர ஓராண்டு ஆகலாம், இரண்டாண்டும் ஆகலாம்.

"நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுவதற்கு இந்தக் கணக்கில் நேரமே வரவில்லை ஹஜ்ரத். மூன்று நாள் உதகமண்டலம் போய்வரலாம் என்று நினைக்கிறோம். பாட்டியார், 'தேனிலவு நம் பழக்கமில்லை, மார்க்கத்தில் இல்லை' என்கிறார்கள். மார்க்கத்தில் இல்லையா?"

தேனிலவு என்ற சொல் நமக்குப் புதியதுதான். ஆனால் புதுமணத் தம்பதியருக்குத் தனிமை வேண்டும் என்ற அறிவு புதியதன்று. ஒருவர் கன்னிப்பெண்ணை மணந்தால் அவளிடம் ஏழு நாள் தங்குவதும், ஏற்கெனவே மணமானவளை மணந்தால் மூன்று நாள் தங்குவதும் நபிவழி என்று அனஸ் (ரலி) அறிவித்திருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முன்பே மனைவி உள்ளவர் புதிதாக மணக்கும்போது எழும் பங்கீட்டைப் பற்றிய சட்டம் அது. அதன் உட்கருத்தைக் கவனியுங்கள். புது வீட்டிற்கு வந்த பெண்ணின் அச்சம் தெளிய, இருவர் உள்ளமும் ஒன்றோடொன்று பழக, நாள் தேவை. ஏற்கெனவே உள்ள மனைவியின் முறையைக்கூடச் சற்று ஒத்திவைத்து அந்த நாளை மணப்பெண்ணுக்கு ஒதுக்கியிருக்கிறது மார்க்கம். உறவினர் விருந்து அதைவிடப் பெரிய கடமையா?

அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் நடந்ததையும் அவளுக்குச் சொன்னேன். விருந்துண்ட சிலர் எழுந்து செல்லாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்களைப் போகச் சொல்ல நாயகம் (ஸல்) அவர்களுக்கு வெட்கம். தாமே எழுந்து வெளியே சென்று, மற்ற மனைவியரின் இல்லங்களுக்குப் போய்த் திரும்பி வந்தால், அப்போதும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள்! அந்தச் சந்தர்ப்பத்தில்தான், உண்டு முடித்ததும் கலைந்து செல்லுங்கள் என்ற கருத்தமைந்த இறைவசனம் முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தில் இறங்கியது. புதுமணத் தம்பதியரைத் தனியே விடாத விருந்தினருக்காகவே வானிலிருந்து அறிவுரை வந்திருக்கிறது என்றால், நாம் எவ்வளவு கவனமாயிருக்க வேண்டும்!

பயணத்திற்கும் சான்று உண்டு. அன்னை ஸஃபிய்யாவோடு நாயகம் (ஸல்) அவர்கள் கைபருக்கும் மதீனாவுக்கும் இடையே மூன்று இரவுகள் தங்கினார்கள்; மொத்தப் படையும் அதுவரை காத்திருந்தது. மற்றொரு பயணத்தில், தோழர்களை முன்னே செல்லுமாறு பணித்துவிட்டு, அன்னை ஆயிஷாவோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். ஜாபிர் (ரலி) என்னும் இளந்தோழர் ஒரு போரிலிருந்து திரும்பும்போது, தாம் புதிதாக மணமானவர் என்று கூறி முன்னதாகச் செல்ல அனுமதி கேட்டார்; நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். படைநடத்திச் செல்லும் தலைவருக்கு இருந்த இந்தப் பரிவு, பந்தி நடத்தும் நமக்கு இருக்கக் கூடாதா?

"தாராளமாகப் போய்வா அம்மா. கடன் வாங்காமல், தொழுகையை விடாமல், பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு போய்வா" என்றேன்.

தொழுகையைப் பற்றி அவள் முன்பே எழுதி வைத்திருந்தாள். இங்கிருந்து நீலகிரிக்குச் செல்வது சுருக்கித் தொழும் அளவுக்கு நீண்ட பயணமே. லுஹர், அஸர், இஷா ஆகிய மூன்றையும் நான்கு ரக்அத்துக்குப் பதிலாக இரண்டாகத் தொழ வேண்டும். சுபுஹும் மஃரிபும் மாறுவதில்லை. ஓர் ஊரில் பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்க எண்ணினால் ஹனஃபிகளுக்கு இச்சட்டம். ஷாஃபிஈகளுக்கு, போய்ச்சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாளுக்குக் குறைவாக இருந்தால் இந்தச் சலுகை. இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழவும் அவர்களுக்கு அனுமதி உண்டு. உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் இரு சாராரும் முழுமையாகவே தொழ வேண்டும். மூன்று நாள் தேனிலவுக்கும் மார்க்கத்தில் சட்டம் இருக்கிறது பாருங்கள்!

பக்கத்தின் அடியில் ஒரு வரி: "படங்கள் எங்கள் இருவருக்கு மட்டும்." கணவன் மனைவிக்கிடையே உள்ள அந்தரங்கத்தை வெளியே பரப்புகிறவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். கைப்பேசியில் எடுத்த படம் மலையிலிருந்து இறங்குமுன் ஊரெல்லாம் சுற்றிவிடும் இந்நாளில், அந்த ஒரு வரி எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

பிறகு நடந்தது

அடுத்த வாரம் நானே மாப்பிள்ளை வீட்டுக்குச் சென்றேன். மாப்பிள்ளையின் தந்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தாயாருக்கு வருத்தம்தான், அதை மறைக்கவும் இல்லை. "என் மகனுக்கு என்ன குறை?" என்றார். மாப்பிள்ளை கைப்பேசி வழியே பேசினார். வீட்டை அடகு வைக்கும் செய்தியே அவருக்கு அன்றுதான் தெரிய வந்தது. "எனக்குத் தெரியாமல் என் பெயரால் ஒரு வீடு அடமானமாவதா? வேண்டாம் ஹஜ்ரத்" என்றார்.

நோட்டில் எழுதியது எல்லாம் அப்படியே நடந்தது என்று சொல்ல மாட்டேன். பேரீச்சம்பழத்தோடு சமோசாவும் சேர்ந்தது. பதினோரு விருந்து நான்காகக் குறைந்ததே தவிர முற்றிலும் நீங்கவில்லை. சம்பளத்தில் சேமித்துத் தானே வாங்கியிருந்த ஐந்து பவுனை அவள் அணிந்து வந்தாள். வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருந்தது.

நிக்காஹ் அன்று சாட்சிகள் இருவரோடும் அவள் இருந்த அறை வாயிலுக்குச் சென்றேன். முதலில் உள்ளே இருந்தவர்களைச் சற்று அமைதியாயிருக்கும்படி வேண்டினேன். மாப்பிள்ளையின் பெயரையும் மஹரையும் தெளிவாகக் கூறிக் கேட்டேன். அறைக்குள் ஓசையில்லை. பின்னால் யாரோ, "நேரமாகிறது ஹஜ்ரத்" என்றார். நான் அசையவில்லை. சற்று நேரம் கழித்து அவள் குரல் வந்தது: "நான் சம்மதிக்கிறேன்." அந்தக் குரல் நடுங்கியது, ஆனால் அது அவளுடைய குரல். பன்னிரண்டு ஆண்டுகளாக என் நெஞ்சில் இருந்த பாரம் அப்போது சிறிது இறங்கியது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் சென்றார்கள். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் எட்டிய பாதை அது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஏறத்தாழ 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். "ஒவ்வொரு சுரங்கத்தையும் எண்ணினேன்" என்று ஊர் திரும்பியதும் என் மனைவியிடம் சொன்னாளாம். என் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கி கொண்டுவந்திருந்தாள்.

மாப்பிள்ளை விமானம் ஏறிச் சில வாரங்கள் கழித்து, மாமியாரோடு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த அம்மையாரின் மனவருத்தம் முழுவதும் தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார். "அந்த மூன்று நாளில் பேசியதை வைத்துத்தான் ஹஜ்ரத் இப்போது நாள் போகிறது" என்றாள் அவள்.

அந்த நோட்டு இப்போது அவளுடைய தங்கையிடம் இருக்கிறது. இன்னும் முப்பத்தாறு பக்கம் எழுதப்படாமல் இருக்கிறது.

வாசகர்களே, பெண்ணைப் பெற்றவராயிருந்தால், மண்டபத்திற்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மகளை அருகில் அமர்த்திக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள். மகனைப் பெற்றவராயிருந்தால், மஹரும் வலீமாவும் அவன் கையிலிருந்து போகட்டும். பெண் வீட்டாரின் வாயிலிருந்து வரும் "எங்களால் இயன்றது" என்ற சொல்லுக்குப் பின்னால் எந்தப் பத்திரம் அடகுக்குப் போகிறது என்று விசாரியுங்கள். உறவினராயிருந்தால், உங்கள் வீட்டு விருந்தைச் சில நாள் தள்ளிவையுங்கள். என்போன்று தப்தரைக் கையில் ஏந்துகிறவராயிருந்தால், வாயிலில் நின்று அவள் குரலைக் கேட்டபின் பேனாவைத் திறங்கள்.

நம் பெண்மக்கள் மனமுவந்து வாழ்வில் அடியெடுத்து வைக்கவும், அவர்களின் இல்லங்களில் அன்பும் அமைதியும் நிலைக்கவும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.